மேடைப் பியானோ: ஓர் எடைக் கணக்கு

வயலின் வாசிப்பவர் தன் வயலினோடு மேடைக்கு வருகிறார். கிட்டார்காரர் தன் கிட்டாரோடு வருகிறார். பியானோ வாசிப்பவர் மட்டும் வெறுங்கையோடு வந்து, அந்த அரங்கத்தில் என்ன கிடக்கிறதோ அதன் முன்னால் உட்கார வேண்டும். அது சுருதி இறங்கிக் கிடக்கலாம். நாலு கட்டைகள் அமுக்கினால் எழாமல் அப்படியே படுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் அன்றைய கச்சேரி அதில்தான். இருநூறு வருடத்துக்கு மேல் நிலைமை இதுதான்!

இன்று கடையில் போய் டிஜிட்டல் ஸ்டேஜ் பியானோ என்று கேட்டால், விற்பவர் முதலில் ஒலிகளைத்தான் வாசித்துக் காட்டுவார். இத்தனை நூறு ஒலி, இத்தனை எஃபெக்ட் என்று பட்டியல் நீளும். வாங்குபவரும் அதைக் கேட்டு மயங்கி வாங்கிவிடுவார். மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், இது நம் கைக்கு ஒத்துவரவில்லை, அல்லது மாடிப்படியில் தூக்க முடியவில்லை என்று. இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்ற கதை தெரிந்தால் இந்த ஏமாற்றம் பாதி குறையும். ஏனென்றால் இந்தக் கதை முழுவதும் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. எடையைக் குறைக்க எதை விட்டுக்கொடுப்பது? பொருளாதாரப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று படிக்கிறோமே, அதேதான்.

முதலில், பியானோ ஏன் இவ்வளவு கனம்? இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்ற கைவினைஞர் மெடிச்சி குடும்பத்துக்காகச் செய்த பியானோ, 1700-ஆம் வருடத்துச் சொத்துப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அது இலேசான கருவிதான். பிறகு அரங்கங்கள் பெரிதாயின. ஒலியும் பெரிதாக வேண்டியிருந்தது. கம்பிகளைத் தடிமனாக்கி இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். இறுக்கத்தை மரச்சட்டம் தாங்கவில்லை. பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் என்பவர் ஒரே வார்ப்பில் செய்த இரும்புச் சட்டத்துக்கு 1825-இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய பெரிய பியானோவில் எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் இருபது டன்னை ஒட்டி வரும். ஸ்டைன்வே நிறுவனத்தின் பெரிய கச்சேரிப் பியானோ சுமார் 480 கிலோ. ஆக, எடையின் காரணம் கம்பி. கம்பியை எடுத்துவிட்டால் இரும்புச் சட்டம் வேண்டாம். ஆனால் கம்பியே இல்லாமல் பியானோவா?

முடியும் என்று காட்டியது ஊர்லிட்சர் என்ற அமெரிக்க நிறுவனம். தியேட்டர் ஆர்கனும் பாட்டுப் பெட்டியும் செய்து பெயர் வாங்கிய நிறுவனம் அது. 1954-இல் அவர்கள் கொண்டுவந்த மின் பியானோவில் கம்பிக்குப் பதில் எஃகு ரீடுகள் இருந்தன. ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு ரீடு தெரியும். ஆர்மோனியத்தில் காற்று அதை அதிர வைக்கும். இங்கே சின்னச் சுத்தியல் வந்து தட்டும். அந்த அதிர்வு மின்சாரமாக மாறி ஒலிபெருக்கிக்குப் போகும். கட்டைகள் 88 இல்லை, 64 தான். 1968-இல் வந்த இதன் 200 என்ற மாடல், ஸ்பீக்கரும் சேர்த்து 25 கிலோ அளவுக்குள் அடங்கியது. ரே சார்லஸ் தன் சுற்றுப்பயணங்களில் ஊர்லிட்சரைக் கூடவே கொண்டுபோனார். 1959-இல் வந்த அவருடைய 'வாட் ஐ சே' பாட்டின் ஆரம்பத்தில் கேட்பது அதன் ஒலிதான். பியானோ மாதிரி இல்லை என்று பலர் சொன்னார்கள். உண்மைதான், இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரே கருவி, ஒரே சுருதி. ஊர் ஊராகப் போகிறவருக்கு அதன் மதிப்பு வேறு.

இனி வருவதுதான் இந்தக் கதையின் முக்கியமான மனிதர்.

ஹெரால்ட் ரோட்ஸ். 1910-இல் பிறந்தவர், தொழில் பியானோ ஆசிரியர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவில் இருந்தபோது, காயம்பட்டுப் படுக்கையில் கிடந்த வீரர்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்க விரும்பினார். படுத்திருப்பவர் மடிமேல் பியானோவை எப்படி வைப்பது? பி-17 குண்டுவீச்சு விமானத்தின் அலுமினியக் குழாய்களை வெட்டி, 29 கட்டைகள் கொண்ட ஒரு குட்டிக் கருவி செய்தார். மின்சாரம் கிடையாது. சைலஃபோன் மாதிரி டிங் டிங் என்று ஒலிக்கும். மேடைப் பியானோ என்ற சாதியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. அங்கேயும் முதல் கேள்வி எடைதான். நோயாளியின் தொடை தாங்குமா?

போர் முடிந்தபிறகும் அவர் விடவில்லை. குழாய்களை விட்டுவிட்டு, ஒரு மெல்லிய எஃகுக் கம்பியும் அதோடு சேர்ந்து அதிரும் ஒரு பட்டையும் கொண்ட அமைப்புக்கு வந்தார். பள்ளி ஆய்வகத்தில் தட்டிப் பார்க்கும் இசைக்கவை ஞாபகம் இருக்கிறதா? அதன் இரண்டு கைகளில் ஒன்று மெலிந்தும் மற்றது தடித்தும் இருந்தால் எப்படியோ, அப்படி. பக்கத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரில் இருப்பது போன்ற காந்தப் பிக்கப். 1959-இல் கிட்டார் உலகின் லியோ ஃபெண்டரோடு கூட்டுச் சேர்ந்தார். ஆனால் ஃபெண்டருக்குப் பிடித்தது கீழ் ஸ்தாயி மட்டும்தான். எனவே 32 கட்டைகள் மட்டும் கொண்ட 'பியானோ பேஸ்' என்ற அரைகுறைக் கருவிதான் முதலில் கடைக்கு வந்தது. (அரைகுறையா? தி டோர்ஸ் குழுவில் பேஸ் கிட்டார்காரர் இல்லாததால், ரே மன்ஸாரெக் மேடையில் இடது கையால் இதை வாசித்து அந்த இடத்தை நிரப்பினார். யாருக்கு எது தேவை என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம்!)

1965-இல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டர் கம்பெனியை 130 லட்சம் டாலருக்கு வாங்கியது. கம்பெனியோடு ரோட்ஸும் அவர் கருவியும் கைமாறினார்கள். பெரிய முதலாளி வந்ததில் ஒரு நன்மை. 73 கட்டைகள் கொண்ட முழு ரோட்ஸ் பியானோ அந்த வருடமே வெளிவந்தது. கீழ்ப்பாதி முழுக்க ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும், மேலே பியானோ. சூட்கேஸ் மாடல் என்று அதற்குப் பெயர். 1970-இல் ஸ்பீக்கர் பகுதியை மொத்தமாகக் கழற்றிவிட்டு, திருகி மாட்டும் நாலு கால்கள், ஒரு பெடல், வெளியே கம்பி செருக ஒரு துளை, அவ்வளவுதான் என்று இன்னொரு மாடல் வந்தது. அதன் பெயர் ஸ்டேஜ் பியானோ. மேடையில் எப்படியும் ஸ்பீக்கர் இருக்கும், அதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற நியாயம். இன்றைக்கும் பெரும்பாலான ஸ்டேஜ் பியானோக்களில் ஸ்பீக்கர் இல்லாததற்கு இதே நியாயம்தான். தெரியாமல் வாங்கி வீட்டில் பிளக்கைச் செருகிவிட்டு, சத்தமே வரவில்லையே என்று முழிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மட்டும் வாசிக்கப் போகிறவருக்கு ஸ்டேஜ் பியானோ வேண்டியதே இல்லை, ஸ்பீக்கர் உள்ள மாடலே போதும்.

ஸ்பீக்கரை எடுத்தும் அந்த 73 கட்டை ரோட்ஸ் 60 கிலோவை ஒட்டி இருந்தது. இரண்டு பேர் தூக்க வேண்டும். ஆனாலும் எழுபதுகளில் ஜாஸ், சோல், ராக் எல்லாவற்றிலும் அதுதான். மைல்ஸ் டேவிஸ் தன் குழுவில் ஹெர்பி ஹான்காக், ஜோ ஸாவினுல், சிக் கொரியா ஆகியோரை மின் பியானோவில் உட்கார வைத்தார். ஹான்காக்குக்கு முதலில் அதன்மேல் பெரிய மரியாதை இல்லை. பியானோவுக்கு மட்டமான மாற்று என்றுதான் பலரையும் போல நினைத்திருந்தார். தொட்டு வாசித்த பிறகு மனம் மாறியது. மெதுவாகத் தொட்டால் மணி போன்ற ஒலி. அழுத்தி அடித்தால் உறுமல். பியானோவைப் போலி செய்ய வந்தது, தானே ஒரு வாத்தியமாக ஆகிவிட்டது.

இதற்கு எதிர்த்திசையில் போனது யமஹா. கம்பியை விடமாட்டேன் என்று 1976-இல் சிபி-70 என்ற கருவியைக் கொண்டுவந்தது. உண்மையான கம்பி, உண்மையான சுத்தியல், ஒலிப்பலகை மட்டும் இல்லை, அதற்குப் பதில் பிக்கப். இரண்டு துண்டாகப் பிரித்து வேனில் ஏற்றலாம். ஆனால் மொத்த எடை நூறு கிலோவுக்கு மேல்! போதாதற்கு சுருதியும் சேர்க்க வேண்டும். யு2 குழுவின் 1983-ஆம் வருட 'நியூ இயர்ஸ் டே' பாட்டில் வரும் பியானோ இதுதான். தூக்க ஆள் வைத்திருக்கும் குழுக்களுக்குச் சரி. மற்றவர்கள் என்ன செய்வது?

அதே யமஹாவே பதில் சொன்னது, அதே 1983-இல். அந்தப் பதில்தான் ரோட்ஸின் தலையில் விழுந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் 1967-இல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஓர் ஒலி அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் வேகமாக ஆட்டினால் புதுப்புது நாதங்கள் பிறக்கின்றன. எஃப்.எம். ரேடியோவின் தத்துவம்தான், இங்கே காதுக்குக் கேட்கும் அலைகளில். அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் ஆர்வம் காட்டவில்லை. யமஹா உரிமம் வாங்கியது. பல்கலைக்கழகத்துக்கு அந்தக் காப்புரிமை பிற்பாடு கோடிக்கணக்கில் ராயல்டி கொடுத்தது. (வேண்டாம் என்ற கம்பெனிகளின் கணக்குப்பிள்ளைகள் பிறகு என்ன நினைத்திருப்பார்கள்!) இதை வைத்து யமஹா செய்த டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர் 1983-இல் அமெரிக்காவில் சுமார் 2000 டாலருக்கு வந்தது. ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். அதில் 'ஈ பியானோ 1' என்று ஓர் ஒலி. ரோட்ஸின் மணியோசையை இன்னும் பளிச்சென்று, கண்ணாடி போல ஆக்கிய ஒலி. எண்பதுகளின் ஆங்கிலக் காதல் பாட்டுகளில் பாதிக்கு மேல் அதுதான் கேட்கும் என்று தோன்றும் அளவுக்குப் பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

60 கிலோ ரோட்ஸும் கக்கத்தில் அடங்கும் டிஎக்ஸ்7-உம் ஒரே கடையில் நின்றால் எது விற்கும்? சிபிஎஸ் 1983-இல் ரோட்ஸ் தொழிலை வில்லியம் ஷுல்ட்ஸிடம் விற்றது. 1984-இல் மார்க் ஃபைவ் என்ற கடைசி மாடல் வந்தது, அத்தோடு சரி. ஊர்லிட்சர் அதற்குச் சற்று முன்பே மின் பியானோ தயாரிப்பை நிறுத்தியிருந்தது. 1987-இல் ரோட்ஸ் என்ற பெயரை ஜப்பானின் ரோலண்ட் வாங்கி, 1989-இல் அந்தப் பெயர் போட்ட டிஜிட்டல் பியானோக்களை வெளியிட்டது. உள்ளே எஃகும் இல்லை, சுத்தியலும் இல்லை. ஹெரால்ட் ரோட்ஸுக்கு இதில் உடன்பாடே கிடையாது. ஆனால் பெயர் அவருடையது இல்லையே! தன் பெயர் தாங்கிய பொருளைத் தானே மறுக்க வேண்டிய நிலை. வணிகவியல் புத்தகத்தில் வர்த்தகப் பெயரை அருவச் சொத்து என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சொத்து ஒரு கிழவரின் சொந்தப் பெயராக இருக்கும்போது அது என்ன செய்யும் என்பது அந்த வரியில் இல்லை. 1997-இல்தான் அவருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. 2000 டிசம்பரில், தொண்ணூறு வயதுக்குச் சில நாட்களே இருக்கும்போது இறந்துபோனார்.

டிஎக்ஸ்7 விட்டுக்கொடுத்தது எதை? கட்டைகள் 61-ஆகச் சுருங்கின. அதைவிட முக்கியம், சுத்தியலின் கனம் போய்விட்டது. ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் கட்டை. பியானோவில் கை பழகியவருக்கு அது காற்றில் வாசிப்பது போல. இந்தக் குறையைத் தீர்க்க ஒரு புதுவழி அடுத்த வருடமே வந்தது.

பார்வையற்றோருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் இயந்திரத்தை 1976-இல் செய்தவர் ரே கர்ஸ்வெயில். அதை முதலில் வாங்கியவர்களில் ஒருவர் பாடகர் ஸ்டீவி வொண்டர். 1982-இல் இருவரும் பேசிக்கொண்டபோது, கம்ப்யூட்டரின் வசதியும் நிஜ வாத்தியத்தின் ஒலியும் ஒன்றாகக் கிடைக்காதா என்ற பேச்சு எழுந்தது. பதில் 1984-இல் வந்த கர்ஸ்வெயில் கே250. நிஜமான பியானோவின் ஒலியைப் பதிவு செய்து சிப்பில் வைத்துவிடுவது, கட்டையை அமுக்கினால் அந்தப் பதிவு ஒலிப்பது. சாம்பிளிங் என்று பெயர். 88 கட்டைகள், கனமான கட்டைகள். விலை பத்தாயிரம் டாலருக்கு மேல்! அதிலும் ஒரே நேரத்தில் 12 சுரங்கள்தான் ஒலிக்கும். பத்து விரலுக்கு 12 போதாதா என்று தோன்றும். பெடலை மிதித்துக்கொண்டு நாலு அடி வாசித்துப் பார்த்தால் தெரியும். முன்பு அடித்ததெல்லாம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்க, பதின்மூன்றாவது சுரம் வந்ததும் பழையது ஒன்று சட்டென்று அறுந்துவிடும். இன்று விளம்பரங்களில் பாலிஃபனி 128 என்று போடுவதெல்லாம் இந்தக் கணக்குதான். இன்றைய கருவிகளில் இது அனேகமாகத் தீர்ந்துபோன பிரச்சினை. 128-ஆ 256-ஆ என்று தனிப் பியானோ வாசிப்பவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

1986-இல் ரோலண்டின் ஆர்டி-1000 வந்தது. 88 கனமான கட்டைகள், டிஜிட்டல் ஒலி, மேடைக்கென்றே செய்யப்பட்ட உடம்பு. இன்று டிஜிட்டல் ஸ்டேஜ் பியானோ என்றால் மனதில் வரும் உருவம் ஏறக்குறைய அதுதான். எல்டன் ஜான் அதைப் பல வருடம் மேடையில் வைத்திருந்தார். அதன்பிறகு நினைவக விலை விழ விழ ஒலி வளர்ந்துகொண்டே போனது. 2009-இல் ரோலண்ட் வெளியிட்ட வி-பியானோ பதிவே இல்லாமல், சுத்தியலும் கம்பியும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்கியது.

வேடிக்கை என்னவென்றால், ஒலி இவ்வளவு வளர்ந்தபோது இசைக்காரர்கள் கேட்டது பழைய ரோட்ஸையும் ஊர்லிட்சரையும்! ஸ்வீடனின் க்ளாவியா நிறுவனம் 2001-இல் நார்ட் எலக்ட்ரோ என்ற சிவப்புக் கீபோர்டைக் கொண்டுவந்தது. பழைய ஆர்கன், ரோட்ஸ், ஊர்லிட்சர் ஒலிகள் எல்லாம் ஒரு கையில் தூக்கும் பெட்டிக்குள். யமஹாவின் சிபி வகை ஒலிகூட உண்டு. ஒரு காலத்தில் ஒன்றையொன்று கடையிலிருந்து துரத்திய கருவிகள் எல்லாம் இன்று ஒரே பேனலில் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்களாக இருக்கின்றன.

ஆனால் பொத்தானாக மாறாத ஒன்று மிச்சம் இருக்கிறது. கட்டை.

ஒலி சிப்புக்குள் போய்விட்டது, அதற்கு எடை இல்லை. விரலின் கீழ் இருப்பது இன்னும் நெம்புகோலும் சுத்தியலின் கனமும்தான். அதற்குக் கிலோ உண்டு. உள்ளே இருக்கும் சென்சார் செய்வது எளிய வேலை. கட்டை இரண்டு புள்ளிகளைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, எவ்வளவு வேகமாக அடித்தார் என்று ஒலிக்குச் சொல்வது. மூன்றாவது சென்சார் இருந்தால் கட்டையை முழுதும் எழவிடாமலே அதே சுரத்தைத் திரும்ப அடிக்கலாம். பீத்தோவன் வாசிப்பவருக்கு இது முக்கியம். அதேபோல நிஜப் பியானோவில் இடது பக்கச் சுத்தியல்கள் பெரியவை, எனவே கட்டைகள் சற்றுக் கனம், வலது பக்கம் போகப்போக இலேசு. அதையும் நகல் செய்கிறார்கள். இன்னொன்றை விளம்பரத்தில் போடமாட்டார்கள். கட்டை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது. கருவியை ஒல்லியாக்க அதைக் குட்டையாக்கினால், கறுப்புக் கட்டைகளுக்கு இடையில் விரலை உள்ளே விட்டு வாசிக்கும்போது கட்டை கல் மாதிரி இருக்கும். கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பார்த்தால் எப்படியோ, அப்படி.

2019-இல் வந்த கேசியோ பிஎக்ஸ்-எஸ்1000 88 கட்டைகளோடு 11.2 கிலோ. அதில் ஸ்பீக்கரும் உண்டு. பஸ்ஸில் போகும் மாணவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த ஒல்லி உடம்புக்குள் நீளமான நெம்புகோல் அடங்காது, அதைத் தெரிந்தே வாங்க வேண்டும். 2017-இல் வந்த ரோலண்ட் ஆர்டி-2000 21.7 கிலோ. கட்டை அருமை, மாடிப்படி கொடுமை. ஆர்கனும் ரோட்ஸும்தான் அதிகம் வாசிப்பவருக்கோ கனமான கட்டை உதவியைவிட உபத்திரவம். ஆர்கன் வாசிப்பில் உள்ளங்கையால் கட்டைகள்மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள், சுத்தியல் கட்டையில் அப்படிச் செய்தால் கை வலிக்கும். அதனால்தான் நார்ட் ஒரே ஒலிகளை 88 சுத்தியல் கட்டைகளோடும், 73 இலேசான கட்டைகளோடும் தனித்தனியாக விற்கிறது. இரண்டில் எது உசத்தி என்று கேட்பதில் அர்த்தமில்லை. கடைக்குப் போகிறவர் ஹெட்ஃபோனை மாட்டாமல், சத்தத்தையே குறைத்துவிட்டு, தான் வழக்கமாக வாசிக்கும் ஒன்றைப் பத்து நிமிடம் விரலால் மட்டும் வாசித்துப் பார்ப்பது நல்லது. ஒலியைப் பிறகு கம்ப்யூட்டரிலிருந்தோ வேறு பெட்டியிலிருந்தோ மிடி கம்பி வழியே மாற்றிக்கொள்ளலாம். கட்டையை மாற்ற முடியாது.

யமஹா 2019-இல் தன் பழைய சிபி என்ற பெயரிலேயே இரண்டு ஸ்டேஜ் பியானோக்களைக் கொண்டுவந்தது. சிபி88 என்பது மரக்கட்டைகளோடு 18.6 கிலோ, இடப்பக்கக் கனம் எல்லாம் பெரிய பியானோ மாதிரியே. சிபி73 என்பது 13.1 கிலோ, எல்லாக் கட்டையும் ஒரே கனம். உள்ளே ஒலிகள் இரண்டிலும் ஒன்றேதான். ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் ஏன் செய்தார்கள் என்பது இதுவரை படித்தவருக்கு விளங்கியிருக்கும். மின் பியானோவில் எல்லாச் சுரத்துக்கும் ஒரே கனம் போதும். அந்த 73 என்ற எண்ணும் புதிதல்ல. 1965-இல் ரோட்ஸ் பியானோவில் இருந்த கட்டைகள் எத்தனையோ, அத்தனை. 2021-இல் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி ரோட்ஸ் எம்கே8 என்ற பெயரில் எஃகுக் கம்பியும் சுத்தியலுமாகப் பழையபடி நிஜ ரோட்ஸ் செய்ய ஆரம்பித்தது. விலை ஆறாயிரம் பவுண்டுக்கு மேல், அதிலும் கட்டைகள் 73.